சரியாக இருந்த ஏழு கணக்குகள்: பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம்.

28 ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். பணியில் இருந்தவரை தலைமையாசிரியர்களிடம் எழுத்து மூலம் கேட்டதெல்லாம் விடுப்பு மட்டும்தான். இனி விடுப்புக்குத் தேவையில்லை. அதனால் வேறொன்றைக் கேட்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு நோட்டிலிருந்து தொடங்குகிறேன். அதற்குரிய மாணவிக்கு அப்போது வயது 14. பெயர் சொல்லிக் கேட்டால் எழுந்து நின்று, ‘எனக்குக் கணக்கு வராது சார்’ என்பாள். உட்காரச் சொல்லும்வரை நிற்பாள். அதற்கு மேல் ஒரு சொல் வராது. ஒரு நாள் வீட்டுப்பாடமாக 20 கணக்குகள் கொடுத்திருந்தேன். இரவு திருத்தும்போது அடுக்கில் கடைசி நோட்டு அவளுடையது. 13 தவறு. வழக்கப்படி 13 இடத்தில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, கீழே 7/20 என்று எழுதியிருக்க வேண்டும். ஆண்டுக்கணக்காக அப்படித்தான் செய்துவந்தேன். எனக்குத் திருத்தியவர்களும் அப்படித்தான் செய்தார்கள். அன்று கை ஓய்ந்துவிட்டது. 13 குறி போடுவதைவிட 7 குறி போடுவது சுலபம் என்ற ஒரே காரணத்தால், சரியாக இருந்த ஏழுக்கு மட்டும் சரிக்குறி போட்டேன். ‘மற்றவற்றை நீயே பார்’ என்று எழுதி மூடிவைத்தேன். கல்வியியல் தத்துவம் எதுவும் அதில் இல்லை. சுத்தமான சோம்பல்.

மறுநாள் இடைவேளையில் அவளாகவே வந்தாள். நான்கு கணக்குகளைச் சரிசெய்திருந்தாள். ஐந்தாவதாக எடுத்த 16-ஆம் கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் பெருமிதம் எல்லாம் இல்லை, கொஞ்சம் எரிச்சல்தான் இருந்தது. ‘இந்தக் கணக்கு வரவில்லை, சார்’ என்றாள்.

அவள் சொன்னதன் அருமை வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்கு உறைத்தது. ‘எனக்குக் கணக்கு வராது’ என்றவள் ‘இந்தக் கணக்கு வரவில்லை’ என்கிறாள். நம் மொழியில் இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது. ‘வராது’ என்றால் நேற்று, இன்று, நாளை எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். மேல்முறையீடு இல்லாத தீர்ப்பு. ‘வரவில்லை’ என்பது இதுவரை நடந்ததைச் சொல்லும் செய்தி, அவ்வளவுதான். ‘எனக்கு’ போய் ‘இந்த’ வந்திருப்பதையும் பாருங்கள். பழி அவள் தலையிலிருந்து இறங்கி, கணக்கின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

நான் கேட்க வந்தது இதைத்தான். உங்கள் பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஏதோ ஒரு விஷயத்தில் ‘வராது’ என்பது ‘வரவில்லை’ என்றும், பிறகு ‘வந்துவிட்டது’ என்றும் மாறும் சின்னத் தருணங்கள் வாரத்தில் சிலவாவது வாய்க்கும்படி பள்ளி நாளை அமையுங்கள். இதை ஆசிரியர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம், கால அட்டவணையும் தேர்வு முறையும் முன்னேற்ற அறிக்கையின் படிவமும் உங்கள் மேசையில்தான் முடிவாகின்றன.

இது கிழவனின் நெகிழ்ச்சி என்று நினைத்துவிட வேண்டாம். ஓய்வுபெற்ற பிறகு, அந்த இடைவேளையில் நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ள நிறையப் படித்தேன். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் ஒரு கேள்வி கேட்டார்: ‘என்னால் இது முடியும்’ என்ற நம்பிக்கை ஒரு மனிதருக்கு எங்கிருந்து வருகிறது? நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து முடித்த அனுபவம் ஒன்று. தன்னைப் போன்ற இன்னொருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பது மற்றொன்று. பிறர் சொல்லும் ஊக்கச் சொல் மூன்றாவது. அந்த நேரத்தில் உடலும் மனமும் இருக்கும் நிலை நான்காவது. இவற்றில் முதலாவதுதான் மிக வலுவானது என்றார். பள்ளிகளில் நாம் மலைபோல் நம்பியிருப்பதோ மூன்றாவதை. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பேச்சாளரை அழைத்து, ‘உன்னால் முடியும்’ என்று ஒலிபெருக்கியில் சொல்லவைத்து, கைதட்டி அனுப்பிவிடுகிறோம். மறுநாள் காலை முதல் பாடவேளையில் அதே பிள்ளை அதே 7/20-ஐ வாங்கிக்கொள்கிறது. எதை நம்பும்? ஒலிபெருக்கியையா, நோட்டையா?

அதே பண்டூரா, டேல் ஷங்க் என்பவரோடு சேர்ந்து 1981-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு என்னைப் போன்ற கணக்கு ஆசிரியர்களுக்காகவே செய்ததுபோல இருக்கும். ஏழிலிருந்து பத்து வயதுக்குட்பட்ட, கணக்கில் பின்தங்கிய, கணக்கென்றால் விருப்பமும் இல்லாத 40 குழந்தைகள். கழித்தல் கணக்கைத் தாமாகவே கற்றுக்கொள்ளும்படி 42 பக்கங்கள் அவர்களிடம் கொடுக்கப்பட்டன. மொத்தம் ஏழு அமர்வுகள். ஒரு குழுவிடம், ‘ஒவ்வோர் அமர்விலும் ஆறு பக்கம் முடிக்கப் பார்’ என்றார்கள். இன்னொரு குழுவிடம், ‘ஏழு அமர்வுகள் முடிவதற்குள் 42 பக்கத்தையும் முடிக்கப் பார்’ என்றார்கள். மூன்றாவது குழுவுக்கு இலக்கு எதுவும் சொல்லப்படவில்லை. நான்காவது குழு இந்தப் பயிற்சியே இல்லாமல் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டது.

ஆறேழு 42. ஆனால் ஆறு பக்கக் குழந்தைகள் வேகமாக முன்னேறினார்கள், கழித்தலை நன்றாகக் கற்றார்கள், தம்மால் முடியும் என்ற நம்பிக்கையும் அவர்களிடம் கூடியது. பிறகு, விருப்பமான வேலையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று விட்டபோது, முன்பு பிடிக்காத கழித்தலையே எடுத்து அதிகம் செய்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது இது அல்ல. 42 பக்கத்தை மொத்தமாக இலக்காகப் பெற்ற குழுவுக்கு, அந்த இலக்கால் குறிப்பிடும்படியான பயன் எதுவும் தெரியவில்லை. தொலைவில் வைத்த இலக்கு, இலக்கே வைக்காததற்குச் சமமாகிவிட்டது. ஆண்டு முழுவதையும் ஓர் இறுதித் தேர்வை நோக்கி ஓடவிடும் நம் ஏற்பாட்டை நினைத்துப் பாருங்கள். முன் பெஞ்சில் இருப்பவர்கள் அந்தத் தொலைவைத் தாமாகவே துண்டு போட்டுக்கொள்கிறார்கள், அல்லது வீட்டில் யாரோ போட்டுக்கொடுக்கிறார்கள். மற்றவர்களுக்கு அது தினமும் அதே தூரத்தில் நிற்கும் அடிவானம்.

கடைசி பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பையனைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவனை நாம் சோம்பேறி என்போம். கொஞ்சம் படித்தவர்கள், தோற்றுத் தோற்று இயலாமையைக் கற்றுக்கொண்டுவிட்டான் என்பார்கள். இந்த இரண்டாவது கருத்து 1967-இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்து நடத்திய, இன்று படிக்கவே சங்கடமான சோதனைகளிலிருந்து பரவியது. என்ன செய்தும் மின் அதிர்ச்சியை நிறுத்த முடியாத நிலையில் வைக்கப்பட்ட நாய்களில் பெரும்பாலானவை, பிறகு ஒரு தாவலில் தப்பிக்கக்கூடிய இடத்தில் விட்டபோதும் தப்பிக்க முயலாமல் படுத்துவிட்டன. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 2016-இல், அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தாங்களே திருப்பிப் போட்டார்கள். நரம்பியல் ஆய்வுகள் காட்டியது இது: நீண்டு தொடரும் துன்பத்தின் முன் முடங்கிப்போவது மூளையின் இயல்பான முதல் எதிர்வினை, அதை யாரும் கற்க வேண்டியதில்லை. கற்க வேண்டியது மற்றதை. ‘நான் செய்வதால் இது மாறுகிறது’ என்று மூளையின் முன்பகுதி கண்டுகொள்ளும்போது அந்த முடக்கம் அடக்கப்படுகிறது. அந்தக் கண்டுகொள்ளல் அனுபவத்தால்தான் வரும்.

சொந்தக் கருத்தை ஐம்பது ஆண்டுகள் கழித்து மாற்றி எழுதிய அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம். ஆசிரியர் அறைகளில் இது அரிது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தப் பையனிடமிருந்து நாம் பிடுங்கி எறிய வேண்டிய தீய பழக்கம் என்று ஒன்று இல்லை. அவன் கைபட்டு ஏதாவது மாறுவதை அவன் பார்க்க வேண்டும். பலமுறை பார்க்க வேண்டும்.

முதல் மாணவர்களுக்கு இது தேவையில்லை என்று நினைத்தால் அதுவும் பிழை. என்னிடம் படித்த ஒருவன் 98 வாங்கிவிட்டு இரண்டு மதிப்பெண்ணுக்காகக் கழிவறையில் போய் அழுதான். அவனுக்கு எல்லாம் கிடைத்திருந்தன, நாள்தோறும் கிடைக்க வேண்டிய வெற்றி ஒன்றைத் தவிர. புதிய தேற்றம் ஒன்று பிடிபட்ட மாலையோ, நண்பனுக்குச் சொல்லிக்கொடுத்துப் புரியவைத்த நிமிடமோ அவன் கணக்கில் ஏறவே இல்லை. ஆண்டுக்கு மூன்று முறை தோற்காமல் தப்பிப்பது மட்டும்தான் ஏறியது. அந்தக் கணக்கை அவனுக்கு எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

இனி, எனக்கு உண்மையான பயம் தரும் இடத்துக்கு வருகிறேன். இந்த மடலைப் படித்துவிட்டு உங்களில் நல்ல மனம் படைத்த ஒருவர் சுற்றறிக்கை எழுத ஆரம்பிப்பார். ‘தினம் ஒரு வெற்றி’ என்று ஒரு பதிவேடு, அதற்கு ஒரு பொறுப்பாசிரியர், நட்சத்திர ஒட்டிகள், மாத இறுதியில் வகுப்புவாரியாக எண்ணிக்கை, அதிக வெற்றி பெற்ற வகுப்புக்குக் கேடயம். தயவுசெய்து வேண்டாம். அதைவிட இந்த மடலைக் கிழித்துப் போடுங்கள்.

1973-இல் மார்க் லெப்பரும் அவருடன் பணியாற்றியவர்களும் படம் வரைவதில் விருப்பமுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளிடம் ஒன்று செய்து பார்த்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் நட்சத்திரமும் நாடாவும் ஒட்டிய சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள், சொன்னபடி கொடுத்தார்கள். சில நாட்கள் கழித்து, ஓய்வு நேரத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தபோது, சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளுக்கு இந்தக் கேடு நேரவில்லை. பரிசு கெட்டது என்பதல்ல. ‘இது எதற்காக?’ என்ற கேள்விக்குப் பரிசு விடையாகிவிட்டால், பரிசு நின்ற இடத்தில் வேலையும் நின்றுவிடுகிறது.

பாராட்டிலும் இதே சிக்கல் உண்டு. எடி ப்ரமல்மன் குழுவினர் 2014-இல் காட்டியது, மிகைப்படுத்திய புகழ்ச்சி தன்மதிப்பு குறைந்த குழந்தைகளைச் சவால்களிலிருந்து விலகவைக்கிறது என்பது. பாவம் என்று நாம் யாருக்கு வாரி வழங்குகிறோமோ அவர்களுக்கே அது சுமையாகிறது. என் கையிலேயே ஒருமுறை இது சுட்டது. கடினமான வடிவியல் கணக்கு ஒன்றை அழகாகப் போட்ட பையனை வகுப்புக்கு முன் நிறுத்தி ‘மேதை’ என்றேன். அதன் பிறகு இரண்டு வாரம் அவன் கரும்பலகைப் பக்கமே வரவில்லை. எப்படி வருவான்? மேதைக்குத் தவறு செய்ய அனுமதி கிடையாதே. 1998-இல் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் செய்த ஆய்வுகளிலும் இதே கதைதான்: புத்திசாலி என்று புகழப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலானோர், அந்தப் பெயரைக் காப்பாற்றித் தரக்கூடிய எளிய வேலையைத் தேர்ந்தார்கள். உழைத்தாய் என்று சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலானோர், புதிதாகக் கற்க வாய்ப்புள்ள கடினமான வேலையை எடுத்தார்கள்.

பெயரை விட்டுவிட்டு வினையைச் சொல்லுங்கள் என்பதே என் அனுபவம். கெட்டிக்காரி, தங்கம், மேதை எல்லாம் பெயர்கள். ‘கடன் வாங்கிக் கழித்த இடத்தை இரண்டாம் முறை சரிபார்த்திருக்கிறாய்’ என்பது வினை. பெயரைக் கேட்டால் பிள்ளை கூச்சப்படும், அல்லது நம்பாது. வினையைக் கேட்டால், ‘இவர் பார்த்திருக்கிறார்’ என்று தெரிந்துகொள்ளும். பதின்ம வயதில் அதைக் காதோடு சொல்வது உத்தமம். கூட்டத்தில் சொன்னால் அது பாராட்டா, தண்டனையா என்று அவர்களுக்கே விளங்காது.

வெற்றிக்குக் கொஞ்சமாவது விலை இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். தோற்க வாய்ப்பில்லாத வேலையைக் கொடுத்துவிட்டுக் கைதட்டினால் எட்டு வயதுப் பிள்ளைகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பதினாறு வயதுப் பிள்ளை அதை அவமானமாகவே எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொள்வதும் நியாயம்தான்.

பாடத்தில் மட்டும் இதைத் தேட வேண்டியதில்லை. ஹவாயில் உள்ள கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னரும் உடன் பணியாற்றியவர்களும் நடுவயதுவரை தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, பிறப்புச் சிக்கல், குடும்பத்தில் ஓயாத சண்டை என்று பல இடர்களோடு வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நலமாக, பிறரை அரவணைக்கும் மனிதர்களாக உருவானார்கள். அவர்களிடம் காணப்பட்டவற்றில் சில மிகச் சாதாரணமானவை: அக்கறை காட்டும் பெரியவர் ஒருவர், தனக்கென்று பெருமைப்பட ஒரு திறமையோ பொழுதுபோக்கோ, தன்னை நம்பி யாரோ விட்டிருக்கும் ஒரு பொறுப்பு. ‘நான் செய்யாவிட்டால் இது நடக்காது’ என்ற நிலை ஒரு பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கும். அளவுக்கு மீறினால் அமுக்கிவிடும் என்பதும் உண்மை. வீட்டுச் சுமை முழுவதையும் தோளில் வாங்கிய பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

பள்ளிகளில் நாம் கொடுக்கும் பொறுப்புகளோ பெரும்பாலும் பொம்மைப் பொறுப்புகள். மார்பில் ஒரு வில்லையைக் குத்திவிட்டு, வேலையை நாமே செய்துவிடுவோம். நூலகப் பதிவேட்டை ஒரு மாணவரிடம் உண்மையாகவே ஒப்படையுங்கள். தவறு வரும், வரட்டும். ஆய்வகக் கருவிகளை எண்ணி வைப்பது, வாசிக்கத் திணறும் சின்ன வகுப்புப் பிள்ளையோடு தினமும் பத்து நிமிடம் உட்காருவது, இப்படி ஏதாவது ஒன்று. படிப்பில் பின்தங்கியவர்களுக்கு இவை முதலில் போய்ச் சேர வேண்டும். நடப்பில் இவையும் முதல் மதிப்பெண்காரர்களுக்கே போகின்றன. இதில் மாற்றம் கொண்டுவர உங்களுக்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.

ஆசிரியர்களும் மனிதர்கள். தெரசா அமபிலியும் ஸ்டீவன் கிராமரும் ஏழு நிறுவனங்களில் வேலைபார்த்த 238 பேரின் ஏறத்தாழ 12,000 நாட்குறிப்புப் பதிவுகளைப் படித்து, மனம் நிறைந்த நாட்களில் அடிக்கடி காணப்பட்டது தம் வேலையில் ஏதோ முன்னேற்றம் கண்டதுதான் என்று கண்டார்கள். உங்கள் ஆசிரியர் கடைசியாக எப்போது தன் வேலை நகர்ந்ததைக் கண்ணால் கண்டார்? தேர்ச்சி விழுக்காடு தவிர வேறெதையும் நீங்கள் அவரிடம் கேட்பதில்லை என்றால், அவர் பிள்ளைகளிடம் மட்டும் வேறெதைக் கேட்பார்?

ஓர் எச்சரிக்கை. 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் ஏழில் ஒருவருக்கு மனநலக் கோளாறு ஏதேனும் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கணக்கு ஆசிரியரின் புத்தி உடனே வகுத்துப் பார்க்கும்: 40 பேர் இருக்கும் வகுப்பில் சராசரியாக ஐந்தாறு பேர். மனச்சோர்வுக்கான சிகிச்சைகளிலேயே, செய்யக்கூடிய சின்ன வேலைகளைத் திட்டமிட்டுச் செய்யவைத்து, அதன் வழியாக மனநிலையைத் தூக்கிவிடும் முறை ஒன்று 1970-களிலிருந்து வளர்ந்து வந்திருக்கிறது. ஆனால் அதைத் துணையிருந்து நடத்தப் பயிற்சி பெற்றவர் வேண்டும். தூக்கம் கெட்டு, நண்பர்களை விட்டு விலகி, உயிரை வெறுத்துப் பேசும் பிள்ளைக்கு நூலகப் பதிவேட்டைக் கொடுத்துவிட்டு நம் கடமை முடிந்தது என்று இருக்க முடியாது. அன்றைக்கே வீட்டாரிடம் பேச வேண்டும், மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. தொடங்கிய ஒன்று அதே பாடவேளையில் முடியும்படி வாரத்துக்கு ஒரு வகுப்பாவது ஒவ்வொரு பாடத்திலும் இருக்கட்டும். விடைத்தாள்கள், பிள்ளை தான் எழுதியதை மறப்பதற்குள் திரும்பி வரட்டும். அதில் சரிக்கும் குறி இருக்கட்டும். தவறைத் திருத்தி மீண்டும் கொடுக்க வழி இருக்கட்டும், அதற்கு மதிப்பெண்ணும் இருக்கட்டும். முன்னேற்ற அறிக்கையில் ‘நன்று’, ‘இன்னும் முயல வேண்டும்’ என்ற இரண்டு முத்திரைகளையும் தூக்கி எறிந்துவிட்டு, அந்தப் பிள்ளை இந்தப் பருவத்தில் புதிதாகச் செய்யத் தொடங்கிய ஏதேனும் ஒன்றை ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள். ஆசிரியரால் அந்த ஒரு வரியை எழுத முடியாத பிள்ளைகளின் பெயர்கள் ஒரு பட்டியலாகச் சேரும். நீங்கள் தேட வேண்டியது அந்தப் பட்டியலைத்தான்.

அந்த மாணவி பிறகு என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். ஆண்டிறுதியில் 46 எடுத்தாள். அதிசயம் எதுவும் நடக்கவில்லை. கேள்வி கேட்கத் தொடங்கினாள், சில சமயம் தொல்லையாகும் அளவுக்கு.

அந்த 16-ஆம் கணக்கை அன்று இடைவேளையில் இருவரும் சேர்ந்து போட்டுப் பார்த்தோம். வரவில்லை. மறுபடி பார்த்தோம். நான் எழுதிக்கொடுத்த கேள்வியிலேயே ஓர் எண் விடுபட்டிருந்தது. வகுப்பில் வேறு ஒருவரும் அதைப் பற்றி வந்து கேட்கவில்லை. மற்ற எல்லா நோட்டிலும் அதற்கு நான் பெருக்கல் குறி போட்டிருந்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர்